கலைக்கலாம், சிதைக்கக் கூடாது

2003 செப்டம்பரில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பத்தி. ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தத்தம் இடத்தில் இருந்தன. நடுவில் இருந்தவை கலைந்து கிடந்தன. அப்படியிருந்தும் பெரும்பாலானோர் அதைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில் கண்டறிந்த உண்மை இது என்று அந்தப் பத்தியே சொன்னது. கேம்பிரிட்ஜில் மொழியையும் மூளையையும் ஆராயும் நிலையம் ஒன்றில் பணிபுரிந்த மேட் டேவிஸ் தேடிப் பார்த்தார். அப்படி ஓர் ஆய்வு அங்கே நடந்ததாக அவருக்குத் தெரியவில்லை. உண்மையான வேர் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. சொல்லை அடையாளம் காண்பதில் எழுத்தின் இடம் எவ்வளவு முக்கியம் என்று கிரஹாம் ராலின்சன் 1976-இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்திருந்தார். 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழுக்கு எழுதிய கடிதத்திலும் அதைக் குறிப்பிட்டிருந்தார்.

மின்னஞ்சலைப் பார்த்த நிரலாளர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவரான ஜேமி ஸாவின்ஸ்கி பெர்ல் மொழியில் ஒரு சிறு நிரலை உடனே எழுதி வெளியிட்டார். எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அது கலைத்துத் தரும். அன்றிலிருந்து இன்றுவரை நிரல் கற்போருக்குத் தரப்படும் பயிற்சிகளில் இதற்கு ஓர் இடம் உண்டு. வாக்கியத்தைச் சொல்லாகப் பிரி, சொல்லை எழுத்தாகப் பிரி, நடுவைக் கலை, திரும்ப ஒட்டு. நான்கே வேலைகள். ஆங்கிலத்தில் இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

தமிழில் அதே இருபது வரியை ஓட்டினால் எழுத்து உடையும். அதை உடையாமல் எழுதக் கற்றுக்கொடுப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அதற்குமுன் மின்னஞ்சல் சொன்னது எந்த அளவுக்கு உண்மை என்று பார்த்துவிடலாம். நிரலில் எடுக்கவேண்டிய சில முடிவுகள் அதைப் பொறுத்தவை. கண்ணசைவைப் பதிவுசெய்து வாசிப்பை ஆராய்ந்த கீத் ரேனரும் அவருடைய குழுவினரும் 2006-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். கலைக்காத ஆங்கில வாக்கியங்களை நிமிடத்துக்கு 255 சொல் வேகத்தில் படித்தவர்கள், சொல்லின் நடு எழுத்துகள் இடம்மாறியபோது 227 சொல்லுக்கு இறங்கினார்கள். சொல்லின் இறுதியில் கைவைத்தால் 189. தொடக்கத்தில் கைவைத்தால் 163. ஆக, நடுவைக் கலைத்தாலும் வாசிப்பவர் ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறார். முதல் எழுத்தைக் கலைத்தால் அந்த விலை மும்மடங்குக்கு மேல் ஏறுகிறது. மின்னஞ்சல் பத்தி அவ்வளவு எளிதாக இருந்ததற்கு வேறு காரணங்களையும் டேவிஸ் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தின் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சிறு சொற்கள் கலையவே இல்லை. அவை வாக்கியத்தின் எலும்புக்கூட்டைத் தாங்கி நின்றன. கலைந்த சொற்களிலும் பல எழுத்துகள் பக்கத்து இடத்துக்குத்தான் நகர்ந்திருந்தன.

எல்லா மொழிக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை ஹடார் வெலானும் ராம் ஃப்ராஸ்டும் எடுத்துக்கொண்டார்கள். எபிரேயமும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவர்களிடம் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கில வாக்கியங்களைச் சமாளித்த அதே வாசகர்கள் எபிரேய வாக்கியங்களில் திணறினார்கள். எபிரேயச் சொல் பெரும்பாலும் மூன்று மெய்யாலான வேரிலிருந்து கிளைக்கிறது. அந்த மூன்றின் வரிசை மாறினால் வேறொரு வேர் வந்து நிற்கும். ஒரு மொழியில் வேடிக்கையாகத் தோன்றும் கலைப்பு இன்னொரு மொழியில் வாசிப்பையே முடக்கிவிடலாம். எனவே ஆங்கிலத்துக்கு எழுதிய விதியைத் தமிழுக்கு அப்படியே தூக்கிவைக்கக் கூடாது.

இனி வேலைக்கு வரலாம். முதல் கேள்வி: எழுத்து என்பது எது?

பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ‘தமிழ்’ மூன்றெழுத்து என்று உடனே சொல்லும். த, மி, ழ். பைத்தான் மொழியைக் கேட்டால் ஐந்து என்கிறது. பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறிகளை. யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் தசம எண்ணில் 2944 முதல் 3071 வரை நீள்கிறது. உயிரெழுத்துக்கும் அகரமேறிய மெய்க்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் 216 உயிர்மெய்க்கும் தனி எண் கிடையாது. ‘மி’ என்பது ம என்ற குறியும் அதன்பின் வரும் சுழியும். ‘ழ்’ என்பது ழ என்ற குறியும் அதன்பின் வரும் புள்ளியும். ஆகவே ‘தமிழ்’ கணினிக்குள் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகக் கிடக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, மொத்தம் பதினைந்து.

இந்த ஐந்தையும் ஐந்து எழுத்து என்று நம்பிக் கலைத்தால் என்ன ஆகும்? ‘தமிழ்நாடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். த, மி, ழ், நா, டு என்று ஐந்தெழுத்து. குறிகளாகப் பார்த்தால் ஒன்பது. ‘முதலும் கடைசியும் அப்படியே இருக்கட்டும்’ என்ற கட்டளையை நிரல் நிறைவேற்றும்போது முதலில் த நிற்கும். கடைசியில் நிற்பது டு அல்ல, அதன் உகரக் குறி மட்டுமே. ட நடுக்கூட்டத்தோடு சேர்ந்து கலையும். ‘திந்டமாழு’ என்று ஒன்று வரும். ஒன்பது குறிகளும் அதில் இருக்கின்றன, ஆனால் மியும் இல்லை, நாவும் இல்லை, டுவும் இல்லை. சுழி தகரத்தில் ஏறிவிட்டது, துணைக்கால் மகரத்தைப் பிடித்துக்கொண்டது, புள்ளி நகரத்தின் தலையில் உட்கார்ந்துவிட்டது. மூலச் சொல்லில் இல்லாத எழுத்துகளை நிரலே உண்டாக்கியிருக்கிறது.

இதில் கவலைக்குரிய செய்தி, விளைவு பார்வைக்குத் தமிழாகவே தெரிகிறது என்பது. தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் திரையைப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்திட்டுவிடுவார். சில வேளைகளில்தான் தவறு கண்ணில் படும்படி வெளிவரும்: ஒட்ட எழுத்துக் கிடைக்காத குறி, புள்ளியிட்ட வட்டம் ஒன்றைத் தாங்கிக்கொண்டு தனியே நிற்கும். பிஎச்பி மொழியில் சரத்தைக் கலைக்கவென்றே இருக்கும் ஸ்டர்_ஷஃபிள் இன்னும் மோசம். அது பைட்டு பைட்டாகக் கலைப்பதால் தமிழ்ச் சொல் கறுப்புக் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகச் சிதறும். ஆனால் அந்தச் சிதறலை யாரும் கவனிக்காமல் விட மாட்டார்கள். ‘திந்டமாழு’ போன்ற அமைதியான பிழைதான் பாடநூல் செயலிக்குள்ளும் குழந்தைகளின் சொல் விளையாட்டுக்குள்ளும் நுழைந்து தங்கிவிடும்.

மருந்து எளிது. சொல்லைக் குறி குறியாக நடந்து போக வேண்டும். வந்த குறி, தனித்து நிற்க முடியாத சார்புக்குறியா என்று பார்க்க வேண்டும். தசம எண்ணில் 3006 முதல் 3021 வரை உள்ளவை அத்தகையவை: துணைக்கால், சுழிகள், கொம்புகள், புள்ளி எல்லாம் இதற்குள் அடக்கம். 3031-ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஔகாரத்தின் பின்பாதி தனியாக வந்தால் அந்த எண்ணில் வரும். சார்புக்குறி என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு. நிரலின் எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

எழுத்தாகப் பிரி (சொல்):
    பட்டியல் = வெறுமை
    சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்:
        குறி சார்புக்குறி, பட்டியலும் வெறுமையல்ல எனில்:
            பட்டியலின் கடைசி எழுத்தோடு குறியை ஒட்டு
        இல்லையெனில்:
            குறியைப் புதிய எழுத்தாகப் பட்டியலில் சேர்
    பட்டியலைத் திருப்பிக் கொடு

பட்டியல் வெறுமையா என்ற சோதனையை விட்டுவிடக் கூடாது. தட்டச்சுப் பிழையால் சொல்லின் தொடக்கத்திலேயே ஒரு கொம்பு வந்துவிட்டால், ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் நிரல் நின்றுவிடும். எண்களை நேரடியாக எழுத விரும்பாதவர்கள் பைத்தானுடன் வரும் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கேட்கலாம். எந்தக் குறியின் வகைப்பெயர் ‘எம்’ என்று தொடங்குகிறதோ அது சார்புக்குறி. ஸ்விஃப்ட் மொழிக்கு இந்தக் கவலை இல்லை. அது எழுத்தாகவே எண்ணி, ‘தமிழ்’ மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. பைத்தானில் ஆயத்தமாக வேண்டுவோருக்கு ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு இருக்கிறது. அதன் கெட்_லெட்டர்ஸ் செயற்கூறு சொல்லை எழுத்துப் பட்டியலாகத் தருகிறது. தமிழில் நிரல் எழுதுவதற்கான எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த தொகுப்பு அது. ஆனாலும் மேலே உள்ள எட்டு வரியைக் கற்பவர் ஒருமுறையாவது தம் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. அதற்குப் பிறகு எந்த நிரலைக் கண்டாலும் அது தமிழை எண்ணுகிறதா, குறியை எண்ணுகிறதா என்று கண் தானாகத் தேடும்.

பிரித்தது சரியா என்று பார்க்க ஒரு பழைய விளையாட்டு உதவும். ‘விகடகவி’யை எழுத்தாகப் பிரித்துத் திருப்பிப் போட்டால் மறுபடி ‘விகடகவி’யே வர வேண்டும். குறியாகப் பிரிக்கும் நிரல் இதில் தோற்றுப்போகும், ஏனென்றால் ஏழு குறிகளைத் திருப்பும்போது சுழி முதலில் வந்து நிற்கும். இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். எழுத்தை அலகாகக் கொண்டு சொல்லைப் புரட்டும் கலை தமிழில் அவ்வளவு பழையது. நிரலும் அதே அலகில் நிற்க வேண்டும் என்று கேட்பது மிகையல்ல.

சில எழுத்துகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ‘லக்ஷ்மி’யில் உள்ள க்ஷ் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடின் பொது விதிப்படி அது க், ஷ் என்று இரண்டாகப் பிரியும். கலைத்தால் ‘லஷ்க்மி’ கிடைக்கும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. க் என்ற எழுத்தை அடுத்து ஷகர வரிசை வந்தால் இரண்டையும் ஒன்றாக்கு, ஸ் என்ற எழுத்தை அடுத்து ரீ வந்தால் ஒன்றாக்கு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு தொல்லை தட்டச்சிலிருந்து வருகிறது. ‘கௌதமன்’ என்று ஔகாரக் குறியோடு எழுதினால் நான்கெழுத்து. பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘கெளதமன்’ என்று எழுதுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நிரலுக்கு இரண்டாவது ஐந்தெழுத்துச் சொல், அந்த ள நடுவில் எங்கெங்கோ அலையும். ‘ஔவையார்’ பெயருக்கும் இதே கதி. இதை நிரலால் முழுதும் திருத்த முடியாது, ஏனென்றால் ‘வெளவால்’ எனத் தட்டியதில் உள்ள ளகரம் தவறு, ‘வெளியே’ என்பதில் உள்ளது சரி. கலைந்த சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிருக்கு இந்த நிரலைப் பயன்படுத்தினால், அதற்கான சொற்பட்டியலை ஒருவர் கண்ணால் படித்துத் திருத்துவதே வழி. ஒகரக் குறியில் இருக்கும் இரட்டை வடிவத்தை மட்டும் நிரலே சீர்செய்யும். ‘கொ’வின் குறி 3018 என்று ஒரே எண்ணாகவும் வரலாம், 3014-உம் 3006-உம் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்குமுறையில் முதலிலேயே போட்டு எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். விடையை ஒப்பிடும்போது இது இல்லையென்றால், வாசகர் சரியாகத் தட்டிய விடையை நிரல் தவறு என்று தள்ளும்.

பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகங்களுக்கு ஒரு சொல்: அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் இந்த நிரலுக்குள் விட வேண்டாம். அங்கே தமிழ் என்று திரையில் தெரிவதெல்லாம் உள்ளே ரோமன் எழுத்துகள்தாம்.

அடுத்தது சொல். இடைவெளியில் வெட்டினால் சொல் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் ‘போனேன்.’ என்பதில் முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரல் அதைக் கடைசி எழுத்தாக எடுத்துக்கொண்டு ன் என்பதை நடுவில் தள்ளிவிடும். மேற்கோள் குறி, காற்புள்ளி, வினாக்குறி எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை. வாக்கியத்தைத் தமிழ் எழுத்துத் தொடர், மற்றவை என்று இரு வகைத் துண்டுகளாகப் பிரித்து, முதல் வகையை மட்டும் கலைத்து, இரண்டாம் வகையைத் தொடாமல் அதே வரிசையில் ஒட்டுவது பாதுகாப்பானது. அப்போது இரட்டை இடைவெளியும் பத்தி முறிவும்கூட அப்படியே திரும்பி வரும். எண்கள் இரண்டாம் வகையில் இருப்பதால் அவையும் தப்பும். 1947 என்ற ஆண்டு 1497 ஆகிவிட்டால் வாசகர் அதைக் கலைந்த எண் என்று ஊகிக்க வழியே இல்லை.

இங்கே பைத்தான் பயிலுவோர் பலர் விழும் குழி ஒன்று உண்டு. சொல்லைத் தேட எல்லோரும் பயன்படுத்தும் சுருக்கக் குறி, பின்சாய்கோடும் டபிள்யூவும், பைத்தானோடு வரும் ஆர்ஈ தொகுதியில் தமிழ்ச் சார்புக்குறிகளை எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகளைத் தரும். சுழியையும் புள்ளியையும் வழியில் தொலைத்துவிடும். 2944 முதல் 3071 வரை என்று எல்லையை நாமே எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியை நிறுவிக்கொள்ள வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த உரையில் 8203, 8204, 8205 என்ற கண்ணுக்குத் தெரியாத இடைக்குறிகள் ஒளிந்திருக்கும். அவற்றை முதலிலேயே நீக்கிவிடலாம்.

தமிழுக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. ‘நான் நேற்று வீட்டுக்குப் போனேன்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘நான்’ ஈரெழுத்து. ‘நேற்று’, ‘போனேன்’ இரண்டும் மூன்றெழுத்து. நடுவில் ஒன்றே ஒன்றுதான், கலைக்க எதுவுமில்லை. வாய்ப்புள்ள ஒரே சொல் ‘வீட்டுக்குப்’. அதில் நிலையாக நிற்கும் கடைசி எழுத்து ப். அந்த ஒற்று ‘போனேன்’ என்ற அடுத்த சொல்லின் பொருட்டு மிகுந்து வந்தது. வேற்றுமை உருபின் கு அதற்கு உள்ளே நிற்கிறது. ஆங்கில விதியை அப்படியே போட்டால் உருபு கலைந்து, சொல்லோடு உறவில்லாத ஒற்று காவல் நிற்கும். ‘வீகுட்க்டுப்’ என்பதை யாரால் படிக்க முடியும்?

நல்ல வழி ஒன்று உண்டு. சொல் க், ச், த், ப் ஆகியவற்றில் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே எழுத்தின் வரிசையில் தொடங்கினால், அது மிகுந்த ஒற்று. தமிழ்ச் சொல் இயல்பாக வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் ஏமாற்றாது. அத்தகைய இடத்தில் ஒற்றையும் அதற்கு முந்தைய எழுத்தையும் சேர்த்து நிலையாக்க வேண்டும். அப்போது ட், டு, க் என்ற மூன்று மட்டும் கலையும். ‘வீடுட்க்குப்’ போன்ற வடிவம் வரும். அதைப் பார்த்ததும் வாசகர் புருவத்தைச் சற்றே உயர்த்துவார், பிறகு பிடித்துக்கொள்வார்.

மூன்றாம் கேள்விதான் நிரலாளர்கள் மிகவும் அலட்சியம் செய்வது: கலைப்பது எப்படி?

‘வணக்கம்’ என்ற சொல்லின் நடுவில் ண, க், க மூன்றும் நிற்கின்றன. மூன்று எழுத்துக்கு ஆறு வரிசைகள். நேர்மையான கலைப்பு என்றால் ஆறுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். முதலில் தோன்றும் வழி, ஒவ்வோர் இடத்திலும் நின்று மூன்று இடங்களில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து இடம் மாற்றுவது. மூன்று முறை மூன்று தேர்வு என்றால் 27 பாதைகள். 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே மூன்று வரிசைகளுக்கு ஐந்து பாதைகளும் மற்ற மூன்றுக்கு நான்கு பாதைகளும் கிடைக்கும். சமம் அங்கேயே போய்விடுகிறது.

சரியான முறை 1938-லேயே அச்சில் இருக்கிறது. புள்ளியியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் தங்கள் அட்டவணை நூலில் தாளும் பென்சிலும் கொண்டு செய்யும் வழியைச் சொன்னார்கள். கணினிக்கு ஏற்ற வடிவத்தை 1964-இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் வெளியிட்டார். டொனால்ட் நூத்தின் நூல் அதைப் பரப்பியது. கடைசி இடத்தில் தொடங்க வேண்டும். ஒன்று முதல் மூன்றுக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்து, அந்த இடத்தில் உள்ளதோடு மாற்ற வேண்டும். கடைசி இடம் முடிந்தது, இனி அதைத் தொடக்கூடாது. அடுத்து இரண்டாம் இடம். இப்போது ஒன்று முதல் இரண்டுக்குள் மட்டும் தேர்வு. ண, க், க என்ற வரிசையில் முதல் தேர்வு 1 என்றால் க, க், ண ஆகிறது. இரண்டாவது தேர்வும் 1 என்றால் க், க, ண. ஒட்டினால் ‘வக்கணம்’. பாதைகள் மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு; ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றே ஒன்று.

எல்லைக்குள் இடங்கள் குறைந்துகொண்டே வருவதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. அதை மறந்தவர்கள் பட்டது ஏட்டில் இருக்கிறது. 1999-இல் ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், தன் இணையச் சீட்டாட்டம் நேர்மையானது என்று காட்டச் சீட்டுக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் நிறுவனத்தார் படித்துப் பார்த்தார்கள். எல்லை குறையாத அதே பிழை அங்கே இருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டையும் இருந்தது. குருட்டெண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளின் கணக்கு. ஒரு நாளில் 8,64,00,000 மில்லிவினாடிதான் உண்டு. 52 சீட்டுகளுக்கு இருக்கும் வரிசைகளோ, 8-ஐ அடுத்து 67 சுழிகள் போடும் அளவு. சேவையகத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்து, சாத்தியங்களை ஏறக்குறைய இரண்டு லட்சமாகக் குறைத்து, எதிராளியின் சீட்டுகளை அந்த ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொல்லிக் காட்டினார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோரிடம் பரவிய இன்னொரு குறுக்குவழி, வரிசைப்படுத்தும் செயற்கூற்றிடம் ஒப்பீட்டுக்குப் பதில் ஒரு குருட்டெண்ணைக் கொடுப்பது. ஒரே வரியில் முடிந்துவிடுவதால் கவர்ச்சியாக இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மைக்ரோசாஃப்ட் 2010-இல், பயனர்கள் உலாவியைத் தேர்ந்துகொள்ள ஒரு திரையைக் காட்டியது. முன்னணி ஐந்து உலாவிகளும் ஒவ்வொரு முறையும் நேர்மையாகக் கலைந்து வர வேண்டும். ராப் வியர் என்ற நிரலாளர் சோதித்தபோது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரே ஏறக்குறையப் பாதி முறை ஐந்தாம் இடத்தில் வந்தது. வரவேண்டியது ஐந்தில் ஒரு பங்கு. காரணம் இந்தக் குறுக்குவழி. நிறுவனம் விரைவில் திருத்திக்கொண்டது. எழுத்துக் கலைப்பில் பணமோ வழக்கோ இல்லை என்பது உண்மை. ஆனால் சாய்ந்த கலைப்பால் புதிர்ப் பக்கத்தில் ஒரே மாதிரியான மாற்றங்கள் திரும்பத் திரும்ப வரும். நாலைந்து நாளில் வாசகர் சாவியைக் கண்டுபிடித்துவிடுவார்.

பைத்தானில் ரேண்டம் தொகுதியின் ஷஃபிள், ஃபிஷர்-யேட்ஸ் முறையையே கையாளுகிறது. அதைப் பயன்படுத்தும்போது நினைவில் வைக்கவேண்டியது, அது பட்டியலை இருந்த இடத்திலேயே கலைத்துவிட்டு எதையும் திருப்பித் தராது என்பதை. ‘புதிய பட்டியல் = ஷஃபிள்’ என்று எழுதினால் கையில் வெறுமைதான் மிஞ்சும். சரத்தையும் அதற்குள் நேரே போட முடியாது. பட்டியலாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

கலைத்தபின் பழைய சொல்லே திரும்பி வரலாம். நடுவில் இரண்டெழுத்து என்றால் பாதி முறை அப்படித்தான் ஆகும். ‘பட்டம்’ இருமுறைக்கு ஒருமுறை ‘பட்டம்’ ஆகவே நிற்கும். மாறும்வரை மீண்டும் கலை என்று ஒரு சுழற்சி போடலாம், மீதமுள்ள வரிசைகளின் சம வாய்ப்பு அதனால் கெடாது. ஆனால் நடு எழுத்துகள் எல்லாம் ஒன்றாகவே இருந்தால் அந்தச் சுழற்சி முடிவடையாது. ஆங்கிலத்தில் ‘புக்’ என்ற சொல்லின் நடுவில் இரண்டு ஓ. எத்தனை முறை மாற்றினாலும் அதே சொல்தான். சுழற்சிக்குள் போகுமுன் நடுவில் குறைந்தது இரண்டு வெவ்வேறு எழுத்துகள் உள்ளனவா என்று ஒரு வரியில் சோதித்துவிட வேண்டும்.

புதிர்ப் பக்கத்துக்காக எழுதுவோர் முழுச் சொல்லையும் கலைக்க விரும்புவார்கள், ஏனென்றால் தமிழில் சிறு சொற்கள் ஏராளம். அப்போது ஒரு கலைவுக்கு இரண்டு விடைகள் வரக்கூடும். ‘சிவா’வும் ‘வாசி’யும் ஒரே இரண்டு எழுத்துகள். அகராதிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்துகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் இத்தகைய இரட்டைகள் வெளிப்பட்டுவிடும். அவற்றை விலக்கலாம், அல்லது இரண்டு விடையையும் ஏற்கலாம். சிறுவர் பக்கத்துக்கு, சொல்லின் நடுவில் அடுத்தடுத்த எழுத்துகள் இரண்டை மட்டும் ஒருமுறை மாற்றினால் போதும்.

இந்த நிரலுக்குப் புதிரைத் தாண்டிய வேலையும் உண்டு. யோனதான் பெலின்கோவும் யோனதான் பிஸ்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நடு எழுத்துகளைக் கலைத்த பிரெஞ்சு, ஜெர்மன், செக் வாக்கியங்களை மொழிபெயர்ப்பு இயந்திரங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பின் தரம் சரிந்தது. தமிழ் எழுத்துப்பிழைத் திருத்திகளையும் மொழிபெயர்ப்பிகளையும் இப்படிச் சோதிக்க விரும்புவோர் கலைப்பானை முதலில் சரியாக எழுதியாக வேண்டும். குறியைச் சிதைக்கும் கலைப்பானைக் கொண்டு சோதித்தால், எந்த மனிதரும் தட்டாத பிழையை வைத்து இயந்திரத்தை எடைபோட்டதாகிவிடும்.

கடைசியாக விதை எண். சீட்டாட்டத்தில் ஊகிக்க முடிந்த விதை கேடு. புதிரில் அதுவே வசதி. இதழின் தேதியையே விதையாகக் கொடுத்தால், விடைப் பக்கம் தயாரிக்கும்போது அதே கலைவை மறுபடி எடுக்கலாம். ஆனால் பைத்தான் தன் ஆவணத்தில் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று உறுதி சொல்வது அடிப்படைக் குருட்டெண் வரிசைக்கு மட்டுமே. ஷஃபிளுக்கு அந்த உறுதி கிடையாது. ஆகவே விதை எண்ணோடு, கலைந்த வாக்கியத்தையும் மூல வாக்கியத்தையும் ஒரே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு கணினி மாறினாலும் விடைப் பக்கம் மாறாது.